யாரும் எண்ணாத நூறு கோடி

சகினாவுக்கு வேலை போனது மூன்று வரிகளுக்காக.

தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் ஸ்டெனோவாக இருந்தவள். 1990 மார்ச்சில் நடந்த ஒரு கூட்டத்தில் இயக்குநர் ஒருவர் ஒரு தீர்மானத்துக்கு மறுப்புச் சொன்னார். சகினா அதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, டைப் அடித்து, மேனேஜர் மேஜையில் வைத்தாள். அவர் படித்துவிட்டு அந்த மூன்று வரிகளைப் பென்சிலால் கோடு கிழித்தார்.

"இதை மட்டும் எடுத்துட்டு இன்னொரு தடவை அடிச்சுக் கொண்டாம்மா."

"அவர் சொன்னாரே சார்."

"சொன்னார். எழுத வேண்டாம்."

"சொன்னதை எழுதத்தான் சார் எனக்குச் சம்பளம் தர்றீங்க."

அந்த மாதக் கடைசியோடு சம்பளம் நின்றது. வீட்டில் அண்ணன் ஷாஹுல் ஹமீது தலையில் கை வைத்துக்கொண்டார். பஜார் வீதியில் குடைக்கடை வைத்திருப்பவர். மழைக்காலத்தில் மட்டும் சிரிக்கத் தெரிந்தவர். "மூணு வரிக்கு எட்டு வருஷத்தை விட்டுட்டு வந்திருக்கியே, உன்னை என்ன பண்றது?" என்றார். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றுபோயிருந்தது. மூன்றாவது முறை பேச அவளே விடவில்லை.

மூன்று மாதம் கழித்து, கச்சேரி ரோடு பக்கம் பத்ரிநாராயணன் நடத்திய தட்டச்சுப் பள்ளியில் சுருக்கெழுத்து சொல்லித்தரும் வேலை கிடைத்தது. மாடியில் இரண்டு அறை. ஒன்றில் இருபது மெஷின்கள் காலையிலிருந்து தடதடக்கும். மற்றதில் பெஞ்சுகள், ஒரு கரும்பலகை, டிக்டேஷன் போடுவதற்கு ஒரு டேப் ரெக்கார்டர்.

அந்த டேப் ரெக்கார்டரில்தான் கதை ஆரம்பித்தது. 1991 ஆகஸ்டில் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து மஹதி என்று ஒரு கல்லூரிப் பெண், டைப் கற்றுக்கொள்ள வந்துகொண்டிருந்தவள், ஒரு கேசட்டை நீட்டினாள். கல்லூரி விழாவில் அவர்கள் குழு அதிலிருந்த ஒரு இங்கிலீஷ் பாட்டைப் பாட வேண்டும். கேசட் அட்டையில் பாட்டின் வரிகள் இல்லை. நாலு பேர் உட்கார்ந்து கேட்டு, நாலு பேரும் நாலு விதமாக எழுதியிருந்தார்கள்.

"மேடம், நீங்க எவ்வளவு வேகமாப் பேசினாலும் எழுதிடுவீங்களே. இதையும் கொஞ்சம் கேட்டு எழுதித் தர முடியுமா?"

சகினா அதுவரை இங்கிலீஷ் பாட்டு என்று உட்கார்ந்து கேட்டதில்லை. பொத்தானை அழுத்தினாள். கித்தார் சத்தத்துக்கு நடுவே ஒருவன் வார்த்தைகளை மென்று துப்பிக்கொண்டிருந்தான். அர்த்தம் பிடிபடவில்லை. ஆனால் சுருக்கெழுத்துக்கு அர்த்தம் வேண்டியதில்லை. காதில் விழும் சத்தத்தைத்தான் அது கோடாக்கும். உதடு லேசாகப் பிரிந்தால் மெல்லிய கோடு, அழுத்திப் பிரிந்தால் தடித்த கோடு. அவள் சத்தத்தை மட்டும் எடுத்தாள். பிறகு கோடுகளைப் பார்த்துச் சத்தத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது, வார்த்தைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. நாலு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த வரி அவர்கள் யார் எழுதியதும் இல்லை. ஐந்தாவதாக ஒன்று.

மஹதி படித்துவிட்டு, பாட்டை மறுபடி போட்டுக் கேட்டாள். "அய்யோ, இதுதான் மேடம்! இதையேதான் பாடறான்!" என்று குதித்தாள்.

அடுத்த வாரம் மூன்று பேர் கேசட்டோடு வந்தார்கள். அதற்கடுத்த மாதம் அடையாறிலிருந்தும் தி.நகரிலிருந்தும் வந்தார்கள். பத்ரிநாராயணன் ஒருநாள் மாடிப்படி ஏறிவந்து வாசலில் நின்றார். உள்ளே டிரம்ஸ் அதிர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மாணவிகள் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா சகினா இது? இன்ஸ்டிட்யூட்னு நெனச்சுண்டு பொண்களை அனுப்பறா. நீ இப்படிக் கூத்தடிக்கற பாட்டெல்லாம் போட்டுண்டிருந்தா நாளைக்கு யாரு அனுப்புவா?"

"சார், பரீட்சையில நிமிஷத்துக்கு நூத்தி இருபது வார்த்தை. இவன் நூத்தி நாப்பது விடறான். அதுவும் பல்லைக் கடிச்சுக்கிட்டு. இவனைப் பிடிச்ச கை எந்த அதிகாரியையும் பிடிச்சிடும்."

"பிடிக்கலேன்னா?"

"ரிசல்ட் வரட்டும் சார். ஃபெயிலானா நானே போயிடறேன்."

பன்னிரண்டில் பதினோரு பேர் தேறினார்கள். பத்ரிநாராயணன் அதற்குப் பிறகு மாடிப் பக்கம் வந்தால், "சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கோ" என்பதோடு சரி.

வார்த்தை பிடிபட்டபின் பாடியவர்கள் மேல் ஆவல் வந்தது. யார் இவர்கள், எந்த ஊர், ஏன் இப்படி முனகுகிறார்கள் என்று சகினாவுக்குத் தெரிந்தாக வேண்டும். சனிக்கிழமை மத்தியானங்களில் அண்ணா சாலை நூலகத்தில் போய் உட்கார்ந்து இசைப் பத்திரிகைகளைப் புரட்டினாள். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், பிங்க் ஃபிளாய்ட், குயீன், ஈகிள்ஸ். ஒவ்வொரு குழுவுக்கும் நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கினாள். கேசட்டுகளுக்கு லஸ் கார்னர் நடைபாதையில் கடை போட்டிருந்த வேலுவிடம் போவாள்.

வேலுவுக்கு நாற்பது வயதிருக்கும். சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரன். மர ஸ்டாண்டு ஒன்றில் பழைய கேசட், புதுக் கேசட் என்று அடுக்கி வைத்து, போட்டுக் காட்ட ஒரு ஓட்டை டேப் ரெக்கார்டரும் வைத்திருந்தான். நாலு கேசட்டுக்கு ஒன்றின் நாடாவை அது விழுங்கிவிடும். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஆனால் எந்தப் பாட்டையும் இரண்டு விநாடி கேட்டால் போதும், யார் குழு, எந்த வருஷம் என்று சொல்லிவிடுவான். யாராவது பையன் வந்து "அப்பா இருக்கா?" என்று அந்த ஸ்வீடன் நாட்டுக் குழுவின் கேசட்டைக் கேட்டால், "அப்பா ஊருக்குப் போய்க்கீறாரு நைனா, நாளைக்கு வருவாரு" என்பான். நூறு முறை சொன்ன பிறகும் அவனுக்கு அது சிரிப்பாகவே இருந்தது.

1995 ஜனவரியில் வேலுதான் அந்த நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினான். அடையாறில் ஒரு சங்கம் மேற்கத்திய இசை பற்றி வினாடி வினா நடத்துகிறது. ஒரு அணிக்கு இரண்டு பேர். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். முதல் பரிசு இரண்டு கேசட் போடுகிற பெரிய ஸ்டீரியோ.

"இன்னா டீச்சர், போலாமா? நீங்க எழுதுங்க, நான் கேக்குறேன்."

"போவோம்" என்றாள் சகினா.

சங்கத்தின் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பெண், பருத்திப் புடவை முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டிருந்த சகினாவையும், சலவைச் சட்டையில் விறைப்பாக நின்ற வேலுவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, பார்க்க வந்தவங்க அந்தப் பக்கம் போகணும்."

"நாங்க கலந்துக்க வந்திருக்கோம்."

"இது வெஸ்டர்ன் மியூசிக் ஆன்ட்டி..."

"தெரியும்மா. யார் வேணும்னாலும்னு போட்டிருக்கீங்க. அந்த யார்ல நாங்க வர்றோமா இல்லையா, அதைச் சொல்லுங்க."

அந்தப் பெண் தாளை நீட்டினாள். சகினா நல்ல கையெழுத்தில் இரண்டு பெயரையும் நிரப்பினாள்.

நாற்பது அணிகள் வந்திருந்தன. எழுத்துச் சுற்றில் தேறிய ஆறு அணிகள் மேடையேறின. அதில் ஆறாவது இவர்கள். நடத்தியவன் பெயர் ஸ்ரீகிருஷ்ணா. விளம்பரக் கம்பெனியில் வேலை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கேள்வி எல்லாம் இங்கிலீஷில். சகினா குனிந்து வேலுவுக்குத் தமிழில் சொல்வாள். பாட்டுத் துணுக்குச் சுற்று வந்தபோது அதற்கும் தேவை இருக்கவில்லை. ஸ்பீக்கரில் ஒரு டிரம் தட்டல் கேட்டதும் வேலு பெயரைச் சொன்னான். அடுத்ததில் பாட்டே ஆரம்பிக்கவில்லை. பாடகன் மூச்சை இழுக்கும் சத்தம்தான் வந்தது. வேலு அதற்கும் சொன்னான். அரங்கில் "ஓ" என்று ஒரு சத்தம் எழுந்தது. நடைபாதையில் இருபது வருஷமாக அவன் கேட்ட மூச்சு அது.

கடைசிக் கேள்விக்கு வந்தபோது இவர்கள் எண்பத்தைந்து. பொறியியல் கல்லூரிப் பையன்கள் இருவர் எண்பது. கேள்வி இவர்களுக்கு. பத்துப் புள்ளி.

ஸ்ரீகிருஷ்ணா அட்டையைப் பார்த்துப் படித்தான். "உலகத்திலேயே மிக அதிகமாக விற்ற இசைக்குழு எது? அவர்கள் விற்ற இசைத்தட்டும் கேசட்டும் மொத்தம் எத்தனை? இரண்டும் சரியாக இருந்தால்தான் புள்ளி."

அவன் முடிக்கும் முன்பே சகினாவுக்குப் பதில் தெரியும். எல்லாப் புத்தகத்திலும் போட்டிருப்பதுதான். பீட்டில்ஸ், நூறு கோடி. ஆனால் அந்த நூறு கோடிக்குப் பின்னால் மூன்று சனிக்கிழமை அலைந்தவள் அவள். ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்தைக் காட்டியது. அது ஒரு பத்திரிகையைக் காட்டியது. பத்திரிகை கம்பெனியின் அறிக்கையைக் காட்டியது. எந்த நாட்டில் எத்தனை என்று யாரும் உட்கார்ந்து எண்ணிய தாள் எங்கேயும் இல்லை.

"பீட்டில்ஸ்" என்றாள்.

"சரி. எத்தனை?"

"யாருக்கும் தெரியாது."

வேலு திரும்பிப் பார்த்தான்.

"மேடம், ஒரு எண் சொல்லணும்."

"கம்பெனி ஒரு எண் சொல்லுது. அது உங்க அட்டையில இருக்கும். எனக்கும் தெரியும். ஆனா நீங்க கேட்டது கம்பெனி என்ன சொல்லுதுன்னு இல்ல, எத்தனை வித்ததுன்னு. அதை எண்ணினவங்க இல்ல. தெரியாதுங்கறதுதான் சரியான பதில்."

"டீச்சர்," என்று வேலு பல்லுக்குள் சொன்னான், "நூறு கோடின்னு சொல்லிடு டீச்சர்."

"உங்க கடைசிப் பதில் அதுதானா மேடம்?"

"அதுதான்."

"தவறு." கேள்வி கல்லூரிப் பையன்களுக்குப் போனது. நூறு கோடி என்றார்கள். தொண்ணூறு. கைதட்டல்.

சகினா எழுந்தாள். கைதட்டல் ஓயும்வரை நின்றாள்.

"அந்த எண் எங்கேருந்து வந்தது சார்?"

"புத்தகத்துலேருந்து மேடம். தயவுசெய்து உட்காருங்க."

"புத்தகத்துக்கு யார் சொன்னது?"

ஸ்ரீகிருஷ்ணா அட்டையைப் புரட்டினான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இத்தனை வித்தேன்னு கடைக்காரர் தானே சொல்லிக்கிட்டா, நம்ம ஊர்ல அதைக் கணக்குன்னு சொல்லுவோமா, விளம்பரம்னு சொல்லுவோமா? நீங்க விளம்பரக் கம்பெனிதானே சார்?"

அரங்கம் சிரித்தது. ஸ்ரீகிருஷ்ணாவின் காது சிவந்தது. ஆனால் தொண்ணூறு தொண்ணூறாகவே இருந்தது. ஸ்டீரியோவைக் கல்லூரிப் பையன்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். இவர்களுக்கு ஆளுக்கொரு டி-ஷர்ட். பஸ்ஸில் வேலு ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே வந்தான். மந்தைவெளியில் அவளைத் திரும்பிப் பாராமல் இறங்கிப் போனான்.

அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்போ மூணு வரி, இப்போ ஒரு எண்ணு. உன் வாய்க்கு எவ்வளவு சின்னது கிடைச்சாலும் போதும்" என்றார். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அண்ணி அஸ்மத்துன்னிசா அந்த டி-ஷர்ட்டை விரித்துப் பார்த்துவிட்டு, "அவர் போட்டுக்குவார்" என்று எடுத்து மடித்து வைத்தாள்.

இரண்டு வாரம் சகினா லஸ் கார்னர் பக்கம் போகவில்லை. பதில் தவறென்று அவளுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. ஆனால் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த முகம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவது வாரம் வகுப்பு முடிந்ததும் நேராகக் கடைக்குப் போய் நின்றாள். வேலு ஒரு கேசட்டின் ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுழற்றி, டேப் ரெக்கார்டர் விழுங்கிய நாடாவை மீட்டுக்கொண்டிருந்தான்.

"கோபமா வேலு?"

"கோவந்தான்." அவன் நிமிரவில்லை. "நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல டீச்சர். கரீட்டாதான் சொன்னே. ஆனா அங்க ரெண்டு பேரு குந்திக்கினு இருந்தோம். என்னை ஒரு வார்த்தை கேட்டியா? அந்த ஸ்டீரியோவுல பாதி என்னோடது. உன் பாதியை நீ வுட்டுக்குடு. என் பாதியை ஏன் வுட்டே?"

சகினாவை மேனேஜர்கள் மிரட்டியிருக்கிறார்கள், அண்ணன் திட்டியிருக்கிறார். நியாயத்தோடு யாரும் எதிரே வந்து உட்கார்ந்ததில்லை.

"கேட்கலை. அது என் தப்புதான் வேலு."

வேலு பென்சிலை நிறுத்தினான்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"நூறு கோடின்னு அடிச்சு வுடச் சொல்லியிருப்பேன்."

"அப்பவும் நான் சொல்லியிருக்க மாட்டேன்."

வேலு அவளை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா ஆளு டீச்சர் நீ. பேஜாரு" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

அன்று பேச்சோடு பேச்சாகச் சகினா கேட்டாள்: "நீ ஒரு வாரத்துல பீட்டில்ஸ் எத்தனை விக்கறே?"

"யாருக்குத் தெரியும்? ஏதோ போய்க்கினு கீது."

"உன் கடையிலயே தெரியலை. லண்டன்ல எப்படித் தெரியும்?"

வேலு யோசித்தான். அடுத்த நாள் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து ஸ்டாண்டின் உள்பக்கம் ஆணி அடித்து மாட்டினான். ஒவ்வொரு குழுவின் பெயரையும் சகினா எழுதித் தந்தாள். ஒரு கேசட் போனால் பெயருக்கு நேரே ஒரு சாக்பீஸ் கோடு. திருப்பித் தந்தால் ஒரு கோட்டை அழிக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் சகினா வந்து எண்ணிப் போய், டைப் அடித்துக் கொண்டுவந்து கடை முன்னால் ஒட்டுவாள். தலைப்பு: 'லஸ் கார்னரில் இந்த வாரம் அதிகம் விற்ற இசைக்குழுக்கள். எண்ணியவர்: வேலு. சரிபார்த்தவர்: சகினா.'

முதல் வாரப் பட்டியலுக்கே கூட்டம் கூடிவிட்டது. போனி எம் முதலிடம். அப்பா இரண்டாமிடம். பீட்டில்ஸ் நாலாவது. கல்லூரிப் பையன்கள் சண்டைக்கு வந்தார்கள். "இது எப்படி? உலகம் முழுக்க அவங்கதான் நம்பர் ஒன்."

"உலகத்தை நான் எண்ணல நைனா. என் கடையை எண்ணினேன். உனுக்கு வேணும்னா நீ போய் மீதியை எண்ணிக்கினு வா" என்றான் வேலு.

இரண்டாம் மாதம் ஒரு மாலை ஸ்ரீகிருஷ்ணா ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து நின்றான். பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தான். சகினாவைப் பார்த்ததும் தலையை ஆட்டினான். மூன்று பீட்டில்ஸ் கேசட்டை எடுத்தான்.

"இப்ப மூணாவது இடத்துக்கு வந்துடுமா மேடம்?"

"சனிக்கிழமை வந்து பாருங்க. இப்பவே எப்படிச் சொல்றது?"

அவன் சிரித்துக்கொண்டே போனான். சனிக்கிழமையும் வந்தான். நாலாவதாகவேதான் இருந்தது.

பட்டியலுக்குப் பெயர் வந்தபின் அதன் மேல் கண் வைக்கவும் ஆள் வந்தது. 1996 செப்டம்பரில், வானம் கறுத்திருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒரு கேசட் கம்பெனியின் விற்பனை ஆள் சூட்கேஸோடு வந்தான். வேலுவுக்குச் சரக்கு போடுவதே அந்தக் கம்பெனிதான். புதிதாக ஒரு வெளிநாட்டுக் குழுவின் கேசட்டை இறக்கியிருந்தார்கள். பையன்கள் நாலு பேர், நாலு பேரும் ஒரே மாதிரி சட்டை. அவர்கள் இந்த வாரப் பட்டியலில் முதலிடத்தில் வர வேண்டும், அவ்வளவுதான். பதிலுக்குக் கடைக்கு மழை ஒழுகாத தார்ப்பாய்க் கூரை, வேலு பெயர் போட்ட பெரிய பலகை, ஒரு பெட்டி கேசட் இலவசம்.

வேலுவின் கூரை என்பது அப்போது இரண்டு கம்புக்கு நடுவே கட்டிய பிளாஸ்டிக் தாள். போன மழையில் எழுபது கேசட் ஊறி வீணாகியிருந்தது. அவன் சகினாவின் முகத்தைப் பார்த்தான்.

சகினாவுக்கு வாய் வரை வார்த்தை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"என்னைப் பார்க்காதே வேலு. கடை உன்னோடது. எண்ணினதும் நீதான்" என்று சொல்லிவிட்டு, ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படிச் சும்மா நிற்பது, மேடையில் எதிர்த்து நின்றதைவிட அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

வேலு அட்டையில் இருந்த கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். இரண்டு முறை எண்ணினான்.

"சார், உங்க ஆளுங்க இந்த வாரம் பதினொண்ணு. ஏழாவது எடம். பன்னெண்டு போச்சுன்னா பன்னெண்டுன்னு போடுவேன்."

"என்னப்பா இது, ஒரு பேப்பர்ல பேரை மேல தூக்கிப் போடறதுக்கு என்ன போகுது உனக்கு?"

"எனுக்கு இன்னா போவுதா? தோ, இந்தப் பேப்பரைப் பாத்துட்டு அடையாறுலேந்து பஸ்ஸு புடிச்சு வரான் சார் பையன். எண்ணிப் போட்டுக்கீறான் வேலுன்னு நம்பி வரான். அவனை டபாய்ச்சிட்டு நான் கூரைக்குக் கீழ குந்திக்கினு இன்னா பண்றது? நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போவுது. கெளம்பு சார்."

விற்பனை ஆள் சூட்கேஸை மூடினான். "சரக்கு வேணும்னு நாளைக்கு வருவே இல்ல, பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சகினா அப்போதுதான் திரும்பினாள். நோட்டைத் திறந்து, ஏழாவது இடத்துக்கு நேரே பதினொன்று என்று குறித்துக்கொண்டாள். தூறல் விழ ஆரம்பித்தது. இரண்டு பேருமாகப் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டினார்கள்.

சொன்னபடியே அந்தக் கம்பெனி இரண்டு மாதம் வேலுவுக்கு ஒரு கேசட்கூட அனுப்பவில்லை. வேலு பழைய கேசட்டுகளை வைத்து ஓட்டினான். ஷாஹுல் ஹமீது கடையிலிருந்து பெரிய கறுப்புக் குடைகள் இரண்டைக் கொண்டுவந்து ஸ்டாண்டின் மேல் கட்டிவிட்டுப் போனார்; யாரும் கேட்கவில்லை, அவரும் காரணம் சொல்லவில்லை. பட்டியல் ஒரு சனிக்கிழமைகூட நிற்கவில்லை. அந்த எட்டு வாரமும் அதன் அடியில் சகினா அந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டு ஒரு வரி கூடுதலாக டைப் அடித்தாள்: 'இவர்கள் கேசட்டுகள் கடைக்கு அனுப்பப்படவில்லை. ஆகவே எண்ண முடியவில்லை.'

வந்த பையன்களெல்லாம் அந்த வரியைப் படித்துவிட்டு, ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார்கள். வேலு ஒவ்வொருவருக்கும் முழுக் கதையையும் சொன்னான். ஒன்பதாவது வாரம் சரக்கு தானாக வந்து இறங்கியது.